மரத்துக்கு ஒரு சொல்

லேயாளுக்குப் பத்து வயது. கித்துல்தெனியத் தோட்டத்தில் அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. சின்னக் கணக்குப்பிள்ளை.

அது ரப்பர் தோட்டம். ருவான்வெல்லையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். காலையில் பால் வெட்டுகிறவர்கள் மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவுவார்கள். பிறகு வேலையை மேற்பார்க்கிற கணக்குப்பிள்ளை வருவார். வெட்டு ஆழமாகப் போயிருந்தால் மலையே அதிரச் சத்தம் போடுவார். நன்றாக வெட்டிய மரத்தைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்.

லேயாளும் அப்படித்தான்.

தம்பி தானியேல் சிலேட்டில் ஒரு படம் வரைந்துகொண்டு ஓடி வருவான்.

"அக்கா, எருமை!"

"வாலைக் காணோமே."

தானியேல் வால் போடுவான்.

"காது ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது."

தானியேல் எச்சில் தொட்டு எருமையையே அழித்துவிடுவான்.

லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகம்மா அத்தை ரொட்டி சுட்டுக் கொடுத்தால், "ஒரு பக்கம் கருகிப்போச்சு அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் லேயாள் தின்பாள். முழுவதையும் தின்பாள்.

அவள் பொய் சொல்வதில்லை. வால் இல்லைதான். ரொட்டி கருகியதுதான். இருப்பதைச் சொன்னால் ஏன் எல்லாருடைய முகமும் சுருங்குகிறது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அது எழுபத்து நாலாம் வருடம். அரிசிக்கும் பாண் ரொட்டிக்கும் கடை வாசலில் கியூ நின்ற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஓர் அறிவிப்புச் செய்தார்.

"வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு மாதர் ஞாயிறு. அன்னைக்கு வேதபாடம் வாசிக்கிறது, நம்ம ஞானப்பூ."

எல்லாத் தலையும் திரும்பியது. ஞானப்பூ, லேயாளின் அம்மா. அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முந்தானைக்குப் பின்னால் அவர் சிரிப்பது கண்ணில் தெரிந்தது.

வருடா வருடம் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிஸ்பென்சர் ஐயா வீட்டு அம்மாதான் வாசிப்பார். அவர் படித்தவர். அம்மாவோ பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். உபதேசியார் புதன்கிழமைகளில் நடத்தும் எழுத்து வகுப்புக்கு ஒரு வருடமாகப் போய், எழுத்துக் கூட்டப் பழகியிருந்தார். அவ்வளவுதான்.

"நான் சொல்லித் தாறேம்மா" என்றாள் லேயாள்.

"நீ இருக்கிறப்ப எனக்கு என்ன பயம்?" என்றார் அம்மா.

அன்று மாலையே பாடம் தொடங்கியது. அப்பா ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடப் போயிருந்தார். அம்மா விளக்கடியில் வேதப்புத்தகத்தை விரித்தார். பக்கத்தில் லேயாள் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டாள். பிழைக்கு ஒரு கோடு.

பாடம், அப்பமும் மீனும் கொண்டுவந்த பையனின் கதை. மலையில் ஐயாயிரம் பேர் பசியோடு இருக்கிறார்கள். ஒரு பையனிடம் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் இருக்கின்றன. அதை வைத்துத்தான் இயேசு எல்லாருக்கும் சாப்பாடு கொடுக்கிறார். அம்மா வாசிக்க வேண்டிய பகுதியில் அறுபத்திரண்டு சொற்கள் இருந்தன. லேயாள் முதலில் எண்ணியது அதைத்தான்.

அம்மா விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்ந்தார். ஐந்து அப்பம் என்று வந்ததும் நிமிர்ந்தார்.

"அஞ்சா? ஒரே பையன் கையிலயா? எந்தக் கடைக் கியூவுல நின்னானாம்? நமக்கு நேத்து ஒரு றாத்தல் பாண்கூடக் கிடைக்கல."

தானியேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மா, கதைய விட்டுட்டு வாசிங்க" என்றாள் லேயாள்.

அன்றைக்கு இருபத்தைந்து கோடு. மறுநாள் பத்தொன்பது.

அம்மா தாளை எட்டிப் பார்த்தார். "நேத்து இருபத்தஞ்சு. அப்ப ஆறு குறைஞ்சிருக்குல்ல?"

"இன்னும் பத்தொன்பது இருக்கும்மா."

"ஆமா, இருக்குதான்" என்று அம்மா மறுபடியும் குனிந்துகொண்டார்.

ஒரு வாரம் போயிற்று. அடுத்த புதன்கிழமை மாலை அம்மா புத்தகத்தை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தடதடவென்று வாசித்தார். கோடு போடவே இடம் கிடைக்கவில்லை. தானியேல் கைதட்டினான். "அம்மா, ஹரி ஷோக்! ரொம்ப ஜோர்!"

லேயாள் அம்மாவின் விரலைப் பார்த்தாள். வாய் ஒரு வரியில் இருந்தது. விரல் வேறு வரியில் இருந்தது.

அவள் கையை நீட்டி, உள்ளங்கையால் பக்கத்தை மறைத்தாள். அம்மாவின் வாய் நிற்காமல் இன்னும் ஆறேழு சொற்களைச் சொல்லிவிட்டுத்தான் நின்றது.

"நீங்க வாசிக்கல" என்றாள் லேயாள். "பாடமாக்கிச் சொல்றீங்க. இது வாசிப்பு இல்லம்மா, ஏமாத்து."

அம்மா புத்தகத்தை மூடி, துணியில் சுற்றி, பெட்டிக்கு மேலே வைத்தார்.

"அம்மா?"

"சரி விடு புள்ள. டிஸ்பென்சர் அம்மாவே வாசிக்கட்டும். அவங்க வாசிச்சா நல்லாருக்கும்."

அடுப்படிக்குப் போய் அம்மா வெறும் பானையைத் துலக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே துலக்கிய பானை.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது, லயத்துக் குழாயடியில் அழகம்மா அத்தை நின்றார். வாளி நிரம்பும் வரை பேசுவது அவர் வழக்கம்.

"ஏன்டி, ஒங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"இல்லையே அத்தை. ஏன்?"

"இந்த ஒரு வாரமா மரத்துக்கு ஒரு சொல்லு சொல்லிக்கிட்டே வெட்டுனா. ஒரு மரம், ஒரு சொல்லு. பக்கத்து மலையில நிக்கிற எனக்கே பாதி பாடம். இன்னிக்கு மூச்சே இல்ல. பேசாம வெட்டுனா, பேசாம பால் எடுத்தா, பேசாம போனா."

லேயாள் குழாயடியில் நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

காம்பராவில் தானியேல் மட்டும் இருந்தான். "அக்கா, அந்தப் பையன் கதைய வாசி. அம்மா இனிமே வாசிக்காதாமே."

லேயாள் புத்தகத்தை எடுத்து வாசித்தாள். கடகடவென்று, பிழை இல்லாமல். தானியேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"இயேசு சாமி ஏசினாங்களாக்கா?"

"யாரை?"

"அந்தப் பையன. இம்புட்டு ஆளுக்கு இவ்வளவுதான் கொண்டாந்தியான்னு."

"அப்படி எதுவும்..." லேயாள் பக்கத்தைப் பார்த்தாள்.

ஏசியதாக இல்லை. சீடன் ஒருவன் மட்டும் கேட்டிருந்தான், இத்தனை பேருக்கு இது எந்த மூலைக்கு என்று. அவன் சொன்னதும் பிழை இல்லை. கணக்குச் சரிதான். ஆனால் இயேசு கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கொஞ்சத்தைக் கையில் வாங்கினார். நன்றி சொன்னார். பிறகு பகிர்ந்து கொடுத்தார்.

பத்து நாட்களாக லேயாள் இந்தப் பாடத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்திருந்தாள். நன்றி சொன்னார் என்ற இடத்தை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

'ஆறு குறைஞ்சிருக்குல்ல?' என்று அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. அம்மா கையில் இருந்தது அந்த ஆறுதான். அதை ஆசையாக நீட்டியிருக்கிறார்.

லேயாள் கண்ணை மூடினாள். சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கப் போகும்போதும் சொல்கிற ஜெபம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இது அது இல்லை.

"ஆண்டவரே, நீங்க கொஞ்சத்தைப் பார்த்து நன்றி சொன்னீங்க. நான் பார்த்தா இல்லாததுதான் கண்ணுக்குத் தெரியுது. எனக்கும் உங்களை மாதிரிப் பார்க்கக் கத்துக் குடுங்க. லேசுல வராது. ஆமென்."

"யாருக்கு லேசுல வராது?" என்றான் தானியேல்.

"எனக்குத்தான். சத்தம் போடாம இரு, நான் யோசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் அவள் கரும்பலகைக்குக் கீழே கிடந்த சோக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கினாள். பதினொரு துண்டு. தானியேலைக் கூட்டிக்கொண்டு நேரே அம்மா பால் வெட்டுகிற மலைக்குப் போனாள். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை. சிரட்டைகள் மரத்துக்கு மரம் கவிழ்ந்து கிடந்தன.

பாதையோரத்து முதல் மரத்தில், வெட்டுக்கு மேலே, பாடத்தின் முதல் சொல்லை எழுதினாள். இரண்டாவது மரத்தில் இரண்டாவது சொல். பட்டை சொரசொரப்பாக இருந்தது. ஓர் எழுத்துக்கு நாலு தரம் தேய்க்க வேண்டியிருந்தது. தானியேல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறினான்.

"அட்டை கடிக்குதுக்கா!"

"கடிக்கட்டும். பக்கத்தை நேராப் பிடி."

மலை உச்சியில் அறுபத்திரண்டாவது சொல் முடிந்தது. இன்னும் ஒரு மரம் மிஞ்சியிருந்தது. கையில் ஒரே ஒரு துண்டு.

'நாளை மறுநாள் பிழை விடாமல் வாசியுங்கள்' என்று எழுதக் கை போனது. லேயாள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, சோக்கு விரல் நுனியில் கரையும் வரை வேறொன்றை எழுதினாள்.

அன்று மாலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் ஜெபம் மிகச் சிறியதாக இருந்தது. "மழை மட்டும் வேண்டாம்." மழை கேகாலைப் பக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை விடியும்போது, "நானும் வாறேம்மா" என்று லேயாள் கிளம்பினாள்.

"எதுக்கு? பனியில சளி பிடிக்கும்."

"சும்மா."

மலையடியில் இன்னும் இருட்டு விலகவில்லை. லேயாள் பாதையோரத்து முதல் மரத்தடியில் போய் நின்றுகொண்டாள். அம்மா நிற்கவில்லை. கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறினார்.

"அம்மா, எங்க போறீங்க? இங்கேருந்துதானே வெட்டணும்?"

"யாரு சொன்னா? வெட்டுன வரிசையிலதான் அப்புறம் பால் எடுக்கணும். கீழேருந்து தொடங்கினா, நிறைஞ்ச வாளியோட உச்சியில போய் நிக்கவா? மேலேருந்து வெட்டிக்கிட்டே இறங்கணும். அப்பத்தான் கடைசியில ரோட்டுக்கு வரலாம்."

லேயாள் வாயைத் திறந்தபடி நின்றாள். அம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதும் வெட்டிய மலை இது. எங்கே தொடங்குவார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பாடம் முழுவதையும் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறாள்!

அவள் பின்னால் ஓடினாள். உச்சிக்குப் போனபோது வெளிச்சம் வந்துவிட்டது. அம்மா முதல் மரத்தின் முன்னால், கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். அது மிஞ்சியிருந்த மரம்.

அம்மாவின் விரல் பட்டையில் மெதுவாக நகர்ந்தது.

"அம்... மா. ஆ... று. கு... றைந்... தது." அம்மா மூச்சு வாங்கினார். "பெ... ரிய... வி... ஷ... யம்."

காட்டில் ஒரு குருவி கத்தியது. அம்மா திரும்பவில்லை.

"நீயா எழுதின?"

"ம்."

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, எதுவும் நடக்காதது போலப் பட்டையைச் சீவினார். வெள்ளைப் பால் வழிந்து சிரட்டையில் சொட்டியது. அடுத்த மரத்துக்குப் போனார். அதில் பாடத்தின் கடைசிச் சொல் இருந்தது. அதை வாசித்தார். அடுத்ததையும் வாசித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்னடி இது? வாலு முன்னுக்கு நிக்குது, தலை எங்க?"

"தலை கீழே ரோட்டுல நிக்குதும்மா" என்றாள் லேயாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது. "நீங்க கீழேருந்து வெட்டுவீங்கன்னு நினைச்சேன்."

அம்மா சிரித்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மலையிலிருந்து அழகம்மா அத்தை குரல் கொடுத்தார். "ஏய் ஞானப்பூ! என்னடி, பேய் பிடிச்சிருச்சா?"

"பேய் இல்ல, சின்னக் கணக்குப்பிள்ளை பிழை விட்டிருச்சு!"

அம்மா இறங்கிக்கொண்டே வெட்டினார். ஒவ்வொரு மரத்திலும் நின்று, விரல் வைத்து வாசித்தார். சில சொற்களில் மாட்டிக்கொண்டார். லேயாள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருந்தால் பெரும்பாலும் சொல் வந்தது.

"கூ... டைகளை" என்றார் அம்மா. அடுத்த மரம். "பன்னி... ரண்டு."

லேயாள் சட்டென்று நின்றாள்.

பின்னாலிருந்து முன்னுக்கு யாரும் பாடமாக்கி வைத்திருக்க மாட்டார்கள். அடுத்து என்ன சொல் வரும் என்று அம்மாவுக்கு இப்போது தெரியவே தெரியாது.

"அம்மா! நீங்க வாசிக்கிறீங்க!"

"பின்ன என்ன செய்றேன்?"

"இல்லம்மா, நிஜமா வாசிக்கிறீங்க. எழுத்தைப் பார்த்து! ஒவ்வொண்ணையும்!"

அம்மா மரத்தைப் பார்த்தார். கீழே வரிசையாக நின்ற மரங்களையும் பார்த்தார். "ஆமால்ல?" என்றார் மெல்ல.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. உண்மையான கணக்குப்பிள்ளையின் சத்தம்.

"யாரு இது? யாரு என் மரத்துல எழுதினது? ஐந்து... வாற்கோதுமை... அப்பங்களும்... இரண்டு... மீன்களும்..." பழனிமுத்து கணக்குப்பிள்ளை ஒவ்வொரு மரமாக வாசித்துக்கொண்டே மூச்சிரைக்க ஏறி வந்தார். "யூனியன்காரங்க வேலையா? போன மாசம் அரிசி கேட்டாங்க, மாவு கேட்டாங்க. இப்ப அப்பமும் மீனும் வேணுமாமா? தொரை கண்டா என் வேலை போயிரும்!"

லேயாள் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். இதற்காக அம்மாவுக்கு அரைப் பேர் போட்டு, பாதிச் சம்பளத்தை வெட்டிவிட்டால்?

"நான்தான் எழுதினேன் ஐயா" என்றாள். "யூனியன் இல்ல. நாளைக்குக் கோயில்ல அம்மா வாசிக்கிற பாடம். அம்மாவுக்குத் தெரியாது. என்னைத்தான் ஏசணும்."

கணக்குப்பிள்ளை அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஞானப்பூ வாசிக்குதா?"

"வாசிக்கிறாங்க ஐயா. நல்லா வாசிக்கிறாங்க."

அவர் நம்பாமல் பக்கத்து மரத்தைக் கையால் காட்டினார். அம்மா கிட்டே போனார். விரல் வைக்கவில்லை.

"மிகுதி" என்றார்.

கணக்குப்பிள்ளை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பட்டையில் அம்மாவின் வெட்டையும் குனிந்து பார்த்தார். "வெட்டும் சுத்தமாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார். அவர் அப்படிச் சொல்லி அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. "திங்கக்கிழமை தொரை ரவுண்டு வர்றதுக்குள்ள அத்தனையும் அழிஞ்சிருக்கணும். விளங்குச்சா?"

"விளங்குச்சு ஐயா!"

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. டிஸ்பென்சர் ஐயா வீட்டு அம்மா முன் வரிசையில் இருந்தார். சாமி கும்பிட முருகன் கோயிலுக்குப் போகிற அழகம்மா அத்தையும் வந்து, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "இது எந்தச் சாமியும் கோவிக்கிற காரியமில்ல" என்றார்.

அம்மா எழுந்து போனார். புத்தகத்தை விரித்தார். வாசித்தார்.

மெதுவாகத்தான் வாசித்தார். டிஸ்பென்சர் அம்மா இதற்குள் இரண்டு தரம் முடித்திருப்பார். வாற்கோதுமை என்ற சொல் வந்ததும் அம்மா நின்றுவிட்டார். யாரோ இருமினார்கள்.

லேயாளின் நாக்கு நுனியில் அந்தச் சொல் துள்ளியது.

அம்மா தலையை நிமிர்த்தி அவளைத்தான் பார்த்தார். லேயாள் வாயைத் திறக்கவில்லை. நிறைய நேரம் இருக்கிறது என்பது போல, சாவகாசமாகச் சிரித்தாள்.

அம்மா குனிந்தார். "வாற்... கோ... துமை" என்றார். பிறகு நிற்கவில்லை.

வாசிப்பு முடிந்ததும், முன் வரிசையிலிருந்த டிஸ்பென்சர் அம்மாதான் முதலில் எழுந்து, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது, படியில் இருந்த அழகம்மா அத்தை லேயாளின் சட்டையைப் பிடித்து இழுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏன்டி, என் மலையிலயும் எழுதுவியா? பாடம் எல்லாம் வேணாம். என் பேரு மட்டும். ஒவ்வொரு மாசமும் சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கக் கூச்சமா இருக்கு. ஆனா ஒண்ணு, இந்த வயசுல எனக்கு ஏறாதுன்னு நீ சொன்னாலும் சொல்லுவ."

"ஏறும் அத்தை" என்றாள் லேயாள். "அம்மா சொன்ன பாடத்துல பாதிய பக்கத்து மலையில இருந்தே பிடிச்சீங்களே. உங்களுக்கு ஏறாம யாருக்கு ஏறும்?"

அழகம்மா அத்தை முகம் மலர்ந்து போயிற்று. "அப்ப நாளைக்கே எழுதிரு."

"நாளைக்குத் தொரை வாறார். செவ்வாய்க்கிழமை எழுதுறேன்" என்ற லேயாள், இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள்.

"அத்தை, நீங்க எந்த மரத்திலேருந்து வெட்டத் தொடங்குவீங்க?"